டிராக்டர் கொட்டகைக்குக் காற்று கம்ப்ரசர்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

உழவு நடந்துகொண்டிருக்கும்போது டிராக்டரின் பின் டயரில் காற்று இறங்கிவிட்டால் அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடுகிறது. பஞ்சர் கடை பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, பஞ்சர் ஒட்டிக் காற்றடித்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முதல் நாள் பெய்த மழையின் ஈரம் அதுவரை நிலத்தில் காத்திருக்காது. ஆகவே, கொட்டகையில் சொந்தமாக ஒரு காற்று கம்ப்ரசர் இருந்தால் நல்லது என்று டிராக்டரோ பவர் டில்லரோ வைத்திருக்கும் விவசாயிகளுக்குத் தோன்றுவது இயல்பே.

எண்ணம் சரியானதுதான். ஆனால் அதை நிறைவேற்றும்போது இரண்டு விதமான தவறுகள் நேருகின்றன. ஒன்று, "வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே இருக்கட்டும்" என்று வேலைக்குத் தேவையில்லாத பெரிய இயந்திரத்தில் பணத்தை முடக்குவது. மற்றொன்று, செலவைச் சுருக்குவதாக எண்ணிப் பழைய தலையையும், எங்கோ கிடைத்த சிலிண்டரையும் இணைத்துக் கம்ப்ரசர் செய்துகொள்வது. முதல் தவறில் பணம் போகும். இரண்டாவதில் உயிரே போகக்கூடும்.

தேவைதானா?

கம்ப்ரசர் எல்லோருக்கும் தேவையில்லை. ஒரு டயர் வண்டியும் ஒரு மொபெட்டும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நல்ல காலால் மிதிக்கும் பம்பு போதும். டிராக்டர் பாட்டரியில் மாட்டி ஓட்டும் 12 வோல்ட் சிறு பம்புகளும் கிடைக்கின்றன. இவை நிமிடத்துக்கு 30 லிட்டர் அளவில்தான் காற்றுத் தரும். குறைந்த காற்றை ஈடுகட்ட உதவும். அடிக்கடி நிறுத்தி ஆறவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை காற்றுப் பார்ப்பவருக்கு இதற்கு மேல் செலவு வீண்.

டிராக்டர், டிரெய்லர், தெளிப்பான், களத்து இயந்திரங்கள் என்று நாலைந்து சாதனங்கள் சேர்ந்துவிட்ட இடத்தில்தான் கம்ப்ரசருக்கு உண்மையான வேலை இருக்கிறது. அங்கே டயருக்குக் காற்றடிப்பதைவிட அதிகமாக மற்ற வேலைகளுக்கே அது பயன்படும். ரேடியேட்டரின் இடுக்குகளில் படிந்த உமியையும் தூசியையும் என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஊதிச் சுத்தம் செய்யலாம். உலர்ந்த வகைக் காற்று வடிகட்டியை உட்புறமிருந்து வெளிப்புறமாக, 2 கிலோ அழுத்தத்துக்கு மேற்படாமல், ஊதலாம். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசி காகிதத்தில் மேலும் ஆழமாகப் போய்ச் செருகிக்கொள்ளும். விசைத் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பூச்சிமருந்து நேராக வாய்க்குள் போவதற்கு இதைவிட வேறு வழி வேண்டியதில்லை. நாசிலை நீரில் கழுவிக் காற்றுக் குழலால் ஒரு முறை ஊதினால் அடைப்பு நீங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கம்ப்ரசரை வரவேற்கலாம்.

குதிரைத் திறனைப் பார்க்காதீர்கள்

கடையில் முதலில் காட்டுவது மோட்டாரின் குதிரைத் திறனையும் தொட்டியின் கொள்ளளவையும்தான். இரண்டும் விலையைச் சொல்லுமே தவிர வேலையைச் சொல்லா. விவசாயி கேட்க வேண்டிய கேள்வி, "6 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியே வரும்?" என்பதே. சிலர் கன அடியில் பதில் சொல்வார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் இடம்பெயர்க்கும் காற்றின் அளவு. அதாவது சிலிண்டரின் கொள்ளளவைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய கணக்கு. வால்விலும் ரிங்கிலும் கசிவதும், சூட்டில் குறைவதும் போக, உண்மையில் வெளியே கிடைப்பது அதில் முக்கால் பங்கோ, அதற்கும் குறைவோதான். பொதுவாக ஒரு நல்ல கம்ப்ரசர், ஒரு குதிரைத் திறனுக்கு நிமிடத்துக்கு 70 முதல் 100 லிட்டர் வரை காற்றுத் தரும். ஒரு குதிரைத் திறனில் 200 லிட்டர் என்று யாராவது சொன்னால் அது பிஸ்டன் கணக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, தேவை எவ்வளவு என்று பார்க்கலாம். 13.6-28 அளவுள்ள டிராக்டர் பின் டயருக்குள் சுமார் 200 லிட்டர் இடம் இருக்கும். முழுவதும் தட்டையாகிவிட்ட அந்த டயரை நிரப்ப 200 லிட்டரும், அதில் ஒரு கிலோ அழுத்தம் ஏற்ற மேலும் 200 லிட்டரும் ஆக, 400 லிட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 80 லிட்டர் தரும் ஒரு குதிரைத் திறன் கம்ப்ரசர் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். வேறு எந்த அவசரத்தை எண்ணி ஐந்து குதிரைத் திறன் வாங்குவது? டயரில் முக்கால் பங்கு நீர் நிரப்பியிருந்தால் தேவை இன்னும் குறைவு. (நீர் நிரப்பிய டயருக்குக் காற்றுப் பார்க்கும்போது வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நீர் மீட்டருக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடும்.)

அழுத்தமும் அப்படியே. பின் டயருக்கு ஒரு கிலோ அளவும் (அதாவது சுமார் 14 பவுண்டு), முன் டயருக்கு 2 முதல் 2.5 கிலோவும் போதும். டிரெய்லர் டயருக்கு இன்னும் அதிகம் தேவைப்படும். சரியான அளவு டயரின் பக்கவாட்டிலும் கையேட்டிலும் இருக்கும். எதுவானாலும் 7 கிலோவில் தானாக நின்றுபோகும் ஒற்றைக் கட்ட கம்ப்ரசர் விவசாயக் கொட்டகைக்குத் தாராளம். ஒரு பெரிய சிலிண்டரும் ஒரு சிறிய சிலிண்டரும் இடையில் குளிர்விக்கும் குழாயும் உள்ள இரண்டு கட்ட இயந்திரம், 10 கிலோவுக்கு மேல் அழுத்தம் தேவைப்படும் லாரிப் பட்டறைகளுக்கானது. இரண்டு சிலிண்டரும் ஒரே அளவில் இருந்தால் அது இரண்டு கட்டம் ஆகாது; இரட்டை சிலிண்டர் உள்ள ஒற்றைக் கட்டமே. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே விலையை ஏற்றும் கடைகளும் உண்டு.

கலப்பைக்கும் டிரெய்லருக்கும் துப்பாக்கியால் வண்ணம் அடிக்க நினைப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். சாதாரண வண்ணத் தெளிப்புத் துப்பாக்கி நிமிடத்துக்கு 200 லிட்டரும் அதற்கு மேலும் இடைவிடாமல் கேட்கும். இரண்டு குதிரைத் திறன் இயந்திரமே அதற்குத் திணறும். வருடத்துக்கு ஒரு முறை அடிக்கும் வண்ணத்துக்கு நாலங்குலப் பிரஷ் மோசமில்லை.

தொட்டியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய தொட்டி அதிகக் காற்றை உற்பத்தி செய்யாது. சேர்த்து வைக்கும், அவ்வளவே. 50 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 7 கிலோவிலிருந்து 4 கிலோவுக்கு இறங்கும்போது கிடைப்பது 150 லிட்டர் காற்று. நாலைந்து முறை விட்டு விட்டு ஊதுவதற்கு இது உதவும். அதன்பின் இயந்திரம் தரும் காற்றுதான் கணக்கு. ஒரு குதிரைத் திறனுக்கு 40, 50 லிட்டர் தொட்டியும், இரண்டு குதிரைத் திறனுக்கு 70 முதல் 100 லிட்டர் தொட்டியும் பொருத்தமானவை.

கைக்கடிகாரம் போதும்

விற்பவர் சொல்லும் அளவு உண்மையா என்பதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். தொட்டியின் தகட்டில் அதன் கொள்ளளவு பொறித்திருக்கும். வெளிக்குழாயை மூடிவிட்டு இயந்திரத்தை ஓட்டச் சொல்லவும். மீட்டர் முள் 4 கிலோவைத் தொடும்போது மணி பார்க்கவும். 7 கிலோவைத் தொடும்போது மறுபடி பார்க்கவும். ஏறிய அழுத்தம் 3 கிலோ. தொட்டி 70 லிட்டர் என்றால் உள்ளே போன காற்று 210 லிட்டர். இதற்கு ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தால் இயந்திரம் நிமிடத்துக்கு 140 லிட்டர் தருகிறது. மூன்று நிமிடம் ஆகியிருந்தால் 70 லிட்டர்தான். மோட்டாரில் இரண்டு குதிரைத் திறன் என்று எழுதியிருந்தாலும் அது ஒரு குதிரைத் திறன் வேலையைத்தான் செய்கிறது.

பழைய கம்ப்ரசர் வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் உதவும். ரிங்கும் வால்வும் தேய்ந்த இயந்திரம் சத்தத்தில் நன்றாகவே ஓடும், கடிகாரத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு, 7 கிலோவில் நிறுத்தி அரை மணி நேரம் விட்டுப் பார்க்கவும். ஆறும்போது முள் சற்று இறங்குவது இயல்பு. தொடர்ந்து இறங்கினால் கசிவு உண்டு. சோப்பு நீரைத் தடவினால் இடம் தெரியும். கசிவு குழாய் இணைப்பில் இருந்தால் பரவாயில்லை. தொட்டியின் தகட்டிலோ பற்றவைப்பிலோ குமிழி வந்தால் அந்த இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெல்ட் வைத்ததா, நேரடியானதா?

மோட்டாருடன் நேரடியாக இணைந்த சிறு கம்ப்ரசர்கள் நிமிடத்துக்கு 2,800 சுற்று வரை சுற்றுகின்றன. விலை குறைவு, தூக்கிச் செல்லவும் எளிது. ஆனால் சத்தமும் சூடும் அதிகம். எண்ணெய் இல்லாத வகையின் ஆயுளும் குறைவு. பெல்ட் வைத்தவை 1,000 சுற்றுக்கு அக்கம்பக்கத்தில் நிதானமாக ஓடும். மோட்டார் கெட்டால் மோட்டாரை மட்டும் மாற்றலாம். உள்ளூரில் பம்புசெட் பழுது பார்ப்பவரே சமாளித்துவிடுவார். கோயம்புத்தூரில் 1960-லிருந்தே காற்று கம்ப்ரசர் செய்யும் தொழில் இருந்துவருவதால் பெல்ட் வகைக்கு ரிங், வால்வுத் தகடு, கேஸ்கட் முதலியவை கிடைப்பதிலும் சிரமமில்லை. கொட்டகையில் ஒரே இடத்தில் நிற்கப் போகும் இயந்திரத்துக்குப் பெல்ட் வகையே மேல். பெல்ட்டின் மேல் கம்பிவலை உறை கட்டாயம் இருக்க வேண்டும். தொட்டியில் அழுத்தம் குறைந்ததும் இயந்திரம் சொல்லாமல் கொள்ளாமல் தானாகவே ஓடத் தொடங்கும். வேட்டி நுனியோ, தோளில் கிடக்கும் துண்டோ, சேலைத் தலைப்போ அதில் சிக்க ஒரு நொடி போதும்.

கிணற்று மேட்டில் கிடக்கும் பழைய கம்ப்ரசர்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து விவசாயிகளுக்குக் கம்ப்ரசர் புதிதல்ல. ஆழ்குழாயில் சிறு குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தி நீரை மேலே தள்ள வைக்கும் கம்ப்ரசர்கள் அங்கே ஏராளம். குழாய்க்குள் சுற்றும் பாகம் எதுவும் இல்லாததால் மணல் கலந்த நீரையும், குறைந்த ஊற்றையும் அவை சமாளிக்கும். ஆனால் அதே அளவு நீருக்கு நீர்மூழ்கி மோட்டாரைவிட அதிக மின்சாரம் செலவாகும். நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறியவர்களின் கிணற்று மேட்டில் பழைய கம்ப்ரசர் துருப்பிடித்துக் கிடக்கும். அதையே கொட்டகைக்குப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

தலை நல்ல நிலையில் இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் பல, தொட்டி, அழுத்தச் சுவிட்ச், பாதுகாப்பு வால்வு ஆகிய எதுவும் இல்லாமல் ஓடியவை. காற்று தடையின்றிக் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்ததால் அவை இல்லாமலே காலம் ஓடியது. காற்றை ஒரு தொட்டியில் அடைக்கத் தொடங்கியதும் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. நிறுத்த ஆளில்லாமல் ஐந்து குதிரைத் திறன் மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தால், தொட்டி எந்த இடத்தில் பலவீனமோ அங்கே கிழியும். எனவே புதிய தொட்டி, சுவிட்ச், வால்வு மூன்றையும் சேர்த்தே விலை போட்டுப் பார்க்க வேண்டும். சிறிய மோட்டார் வைத்து ஓட்டுவதானால் மோட்டார் புல்லியையும் சிறியதாக மாற்றிச் சுற்றைக் குறைக்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே எண்ணெயை வாரி இறைப்பது சுற்றும் தண்டுதான். தயாரித்தவர் குறித்த குறைந்தபட்சச் சுற்றுக்குக் கீழே போனால் எண்ணெய் மேலே எட்டாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் கூட்டிப் பார்த்தால், பல சமயம் புதிய ஒன்றரை குதிரைத் திறன் கம்ப்ரசரே மலிவாக முடியும்.

தொட்டிதான் ஆபத்து

பஞ்சர் கடைகளில் கம்ப்ரசர் வெடித்து ஆட்கள் இறந்த செய்திகள் பத்திரிகையில் அவ்வப்போது வருகின்றன. வெடிப்பது பெரும்பாலும் தொட்டிதான். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகித் தொட்டியின் அடியில் தேங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த நீர் இன்னும் அதிகம். வெளியே வண்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அடித்தகடு துருவேறி மெலிந்துகொண்டே வருகிறது. இதைத் தடுக்கச் செலவு எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீர் முழுவதும் வடியும்வரை விட்டு, பிறகு மூடினால் போதும். இதைத் தினமும் செய்ய வேண்டும் என்பதும், கையெட்டாத இடத்தில் திருகு இருந்தால் யாரும் செய்வதில்லை என்பதும் வாங்கும்போதே நினைவில் இருக்கட்டும்.

எரிவாயு சிலிண்டர், எண்ணெய்ப் பீப்பாய், பழைய லாரியின் காற்றுத் தொட்டி போன்றவற்றைக் கம்ப்ரசர் தொட்டியாக மாற்றவே கூடாது. பீப்பாய் ஒரு கிலோ அழுத்தத்தைக்கூடத் தாங்காது. மற்றவற்றின் வயதும் தகட்டின் கனமும் யாருக்கும் தெரியாது. அதில் துளையிட்டுக் குழாய் பற்றவைப்பது இருக்கும் பலத்தையும் போக்கிவிடும். துளை விழுந்த தொட்டியை ஒட்டுப்போட்டுப் பற்றவைப்பதும் இதே கதைதான். துரு ஒரு இடத்தில் மட்டும் தின்றிருக்காது. புதிய தொட்டியில் தயாரித்தவர் பெயர், வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், ஆண்டு ஆகியவை பொறித்த தகடு இருக்க வேண்டும். இந்தச் சோதனையை நீரை நிரப்பியே செய்வார்கள், வேலை அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில். நீர் அழுந்தாத பொருள் என்பதால் தொட்டி கிழிந்தாலும் சிதறாது. "காற்றிலேயே ஏற்றிப் பார்த்துவிட்டோம்" என்று பட்டறைக்காரர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்வது நல்லது.

பாதுகாப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்ததும் காற்று சீறி வெளியேறி, விட்டதும் நிற்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது அது சற்றே கசிகிறது என்று மரக்கட்டையோ திருகோ வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைபட்ட வால்வுடன் ஓடும் கம்ப்ரசரின் அருகில் குழந்தைகள் விளையாடுவதை நினைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கி மிஞ்சிய பி.வி.சி. குழாயைக் காற்றுக்கு இழுப்பதும் கூடாது. நீருக்குத் தாங்கும் அதே குழாய் காற்றில் உடையும்போது கண்ணாடித் துண்டுகள் போலச் சிதறும். காற்றுக்கென உள்ள ரப்பர் ஓஸ் அல்லது இரும்புக் குழாய்தான் சரி.

மின்சாரம்

வீட்டு இணைப்பு ஒரு முனை மின்சாரமாக இருந்தால் இரண்டு குதிரைத் திறனுக்கு மேல் போக வேண்டாம். அந்த அளவு மோட்டார் ஓடும்போது 9, 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப் போல் நாலைந்து மடங்கு. எனவே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த் மூன்றும் அவசியம். இலவச விவசாய இணைப்பு பாசனத்துக்காகத் தரப்பட்டது. அதில் கம்ப்ரசரை மாட்டுவதற்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பிற்பாடு அபராதத்தைத் தவிர்க்கும்.

மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும் ஊர்களில் கம்ப்ரசர் மோட்டார்கள் அதிகம் எரிகின்றன. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. மோட்டார் தானாக நிற்கும்போது சுவிட்சிலிருந்து "புஸ்" என்று சிறிது காற்று வெளியேற வேண்டும். பிஸ்டனின் தலைமேல் தங்கிய அழுத்தத்தை அது இறக்கிவிடுகிறது. அந்தச் சத்தம் வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் முழுச் சுமையுடன் கிளம்ப வேண்டியிருக்கும். மின்னழுத்தமும் குறைந்திருந்தால் கிளம்பாமல் உறுமி எரிந்துபோகும். வாங்கும்போதே இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். டிராக்டர் சற்றுத் தூரத்தில் நின்றால் மெல்லிய ஒயரை நீட்டிக் கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு போகாமல், கம்ப்ரசரை இடத்திலேயே விட்டு ஓஸை நீட்டுவதே முறை. 15 மீட்டர் ஓஸ் வாங்கிவிட்டால் ஒயர் நீட்டும் தேவையே வராது. மும்முனை மோட்டாராக இருந்தால் சக்கரம் அம்புக்குறி காட்டும் பக்கம் சுற்றுகிறதா என்று பார்க்கவும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சக்கரத்தின் விசிறி சிலிண்டரைக் குளிர்விக்காது.

என்ஜின் எண்ணெயை ஊற்றாமல் கம்ப்ரசருக்கென விற்கும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வால்வில் கரி படியும். வைக்கோல், உமி, பூச்சிமருந்து இருக்கும் இடத்திலிருந்து இயந்திரம் தள்ளியே இருக்கட்டும்.

காற்றடிக்கும்போது

டிராக்டர் டயருக்குக் காற்றடிப்பவர் டயருக்கு நேராக நிற்கக்கூடாது. வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் முனையை மாட்டிவிட்டு, ஓஸ் நீளத்துக்குப் பின்னால், பக்கவாட்டில் நிற்க வேண்டும். புதிதாக மாட்டிய டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லையென்றால் 35 பவுண்டுக்கு மேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம். காற்றை இறக்கி, விளிம்பில் சோப்பு நீர் தடவி மறுபடி முயல வேண்டும். களத்தில் உடம்பில் படிந்த தூசியைக் காற்றால் ஊதிக்கொள்வது, விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவது இரண்டையும் ஆட்களிடம் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். உடலின் துவாரங்கள் வழியே புகும் காற்று குடலைக் கிழித்து இறந்தவர்கள் உண்டு.

ஒருவராக வாங்க முடியாதவர்கள் அடுத்தடுத்த தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கம்ப்ரசர் வாங்கலாம். இரண்டு குதிரைத் திறன் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் யூனிட் மின்சாரம் ஆகும். செலவைப் பங்கிடுவதில் சிக்கலில்லை. யாருடைய கொட்டகையில் வைப்பது என்பதைவிட, தினமும் நீரை வடிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.